ரீயூனியனா, மொரீஷியஸா? எரிமலை, தீமிதி, சௌசௌ எல்லாம் இதில் வரும்

2023 ஜூன் 28

வாசகர் ஒருவர் கேட்டது: "அடுத்த வருடம் மொரீஷியஸ் போகிறோம். பக்கத்தில் ரீயூனியன் என்று ஓர் எரிமலைத் தீவு இருக்கிறதாமே, அங்கே பாதிப்பேர் தமிழர்களாமே. மூன்று நாள் ஒதுக்கினால் போதுமா? தமிழ் பேசியே சமாளிக்கலாமா?"

போதாது. சமாளிக்க முடியாது.

ரீயூனியனிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது. கால் இன்னும் வலிக்கிறது. அக்கா குடும்பம் தீவின் கிழக்கே சேந்தாந்த்ரே என்ற ஊரில் இருக்கிறது. 2018 ஜனவரியில் ஒரு தடவை போனேன், இது இரண்டாவது.

பாதிப்பேர் தமிழர் என்பது தப்பு. பிரான்சில் இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை, ஆகவே அங்கே சொல்லப்படும் சதவீதமெல்லாம் மதிப்பீடுதான். கால்வாசி என்பார்கள். அந்தக் கால்வாசியும் வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து முளைத்த தீவு மொழி), பள்ளியில் பிரெஞ்சு. தமிழை மறந்துவிட்டார்கள். வணக்கம் சொன்னால் வணக்கம் வரும், அடுத்த வாக்கியத்துக்குச் சிரிப்புதான் வரும்.

பிரான்சின் ஒரு மாவட்டம் போலத்தான் அந்தத் தீவு. யூரோ செல்லும். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றலாமே, அந்த ஷெங்கன் பகுதிக்குள் வராது. ஐரோப்பா போய்வந்த விசா கையில் இருக்கிறதே என்று அதை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம்.

2023 ஜூன் 28, இரவு

ஒன்று சொல்ல விட்டுப்போனது. கடலில் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் மொரீஷியஸிலேயே இருந்துவிடுங்கள். ரீயூனியனில் 2011-லிருந்து சுறா தாக்குதல்கள் வரிசையாக நடந்தன. 2013 முதல் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத தண்ணீரிலும் அதற்கென்று அனுமதித்த இடங்களிலும் மட்டும்தான் இறங்கலாம். கரையெல்லாம் அறிவிப்புப் பலகை. அங்கே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைத்தான் பார்க்க வேண்டும்.

2023 ஜூன் 29

எரிமலை ஏறுவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விரிவாகவே எழுதுகிறேன், என் முட்டாள்தனத்தையும் சேர்த்து.

பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ். உலைச் சிகரம் என்று வைத்துக்கொள்ளலாம். உயரம் 2,632 மீட்டர். உலகத்தில் அடிக்கடி வெடிக்கிற எரிமலைகளில் ஒன்று, பல வருடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவையும் வெடிக்கும். ஆனால் பாறையைச் சுட்டெறிகிற ஜாதி இல்லை. பெரும்பாலும் விரிசல் விட்டு, கஞ்சி பொங்குவதுபோல் பொங்கி வழியும். வழிகிற இடமும் மனிதர் குடியிருக்காத பெரிய குழிவு என்பதால் ஊர்க்காரர்களுக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். எரிமலை வெடித்தால் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போவார்கள்.

காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம், நானும் அத்தானும். சேந்தாந்த்ரேயில் வியர்க்கிறது. மேலே பெல்கோம்ப் கணவாய், 2,311 மீட்டர், அங்கே கார்க் கண்ணாடியில் உறைபனி. ஜூன் மாதம் அவர்களுக்குக் குளிர்காலம் என்று எத்தனை தடவை சொன்னாலும் காரைக்கால்காரன் மூளைக்கு ஏறுமா? ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு போனேன்.

கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் மணல் சமவெளி ஒன்று வரும். தார் ரோடு முடிந்து, குண்டும் குழியுமாக மண் பாதை. இரண்டு பக்கமும் ஒரு புல் கிடையாது, செங்கல் சூளைச் சாம்பலைப் பல மைல் கொட்டிப் பரப்பியதுபோல் கிடக்கிறது. சூரியன் வரும்வரை அத்தான் பேசவே இல்லை. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிற மனுஷன்.

கணவாயிலிருந்து செங்குத்துச் சுவரை ஒட்டிப் படிக்கட்டில் இறங்கினால் குழிவின் தரை. முதலில் ஃபோர்மிகா லெயோ என்ற குட்டிக் கூம்பு, காவி நிறம், 1753-இல் உண்டானது. அதைத் தாண்டியதும் பாதை என்று ஒன்றும் இல்லை. கறுப்புப் பாறையில் வெள்ளைப் பெயின்ட் பொட்டுகள். ஒரு பொட்டிலிருந்து அடுத்த பொட்டைத் தேடிக்கொண்டே நடக்க வேண்டும்.

தரை இரண்டு விதம். ஒன்று வழவழவென்று கயிறு திரித்த மாதிரி. பாலில் ஏடு படியும்போது விரலால் தள்ளினால் சுருங்குமே, அப்படியே உறைந்திருக்கிறது. அதில் நடப்பது சுகம். இன்னொன்று முறுக்கு மாவைப் பிய்த்துப் போட்டுக் கருக வறுத்த மாதிரி, கட்டி கட்டியாக, ஒவ்வொன்றும் பிளேடு. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிராத்தோன்'. சந்தையில் பொட்டலம் கட்டி விற்கும் பன்றித்தோல் வறுவலுக்கும் அதே பெயர். கையை ஊன்றினால் கை போச்சு. என்னுடைய வலது உள்ளங்கையில் இப்போதும் நாலு கோடு இருக்கிறது.

உச்சியில் தொலொமியூ என்ற வாய். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலம். 2007 ஏப்ரலில் எரிமலையின் வயிற்றில் இருந்த குழம்பெல்லாம் கீழே கடலோரமாக வழிந்து காலியானதும் மேலே இருந்த தரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. முந்நூறு மீட்டருக்கு மேல். அதற்கு முன்னால் அது கிட்டத்தட்ட நிரம்பியிருந்த கிண்ணம். இப்போது எட்டிப் பார்த்தால் சுவரில் மூச்சு மாதிரி ஆவி. எங்கேயோ ஒரு கல் கழன்று விழுகிற சத்தம், பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, பிறகு அடியில் 'டொப்'.

இனி முட்டாள்தனம். போக வர ஐந்தாறு மணி நேரம் ஆகிற நடைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு லிட்டர் தண்ணீர். பத்து மணிக்கு மேகம் இறங்கிவிட்டது. வெள்ளை மேகம் எது, வெள்ளைப் பொட்டு எது என்று தெரியவில்லை. ஒரே கட்டியைச் சுற்றி இரண்டு தடவை வந்தோம். அப்போது கீழேயிருந்து ஒரு கிரியோல் குடும்பம், பாட்டி முதல் பேரன் வரை, வாக்கிங் போகிறவர்கள் மாதிரி பேசிக்கொண்டே வந்தார்கள். பாட்டி எங்கள் முகத்தைப் பார்த்தார், பையைத் திறந்தார், தண்ணீர் பாட்டிலையும் ஒரு காகிதப் பொட்டலத்தையும் கொடுத்தார். உள்ளே பச்சைமிளகாய் போட்ட வடை. அதற்கு அங்கே 'பொன்போன் பிமான்', மிளகாய் மிட்டாய் என்று பெயர். உளுந்துக்குப் பதில் ஒரு பெரிய மொச்சை, நடுவில் ஓட்டை உண்டு. 2,500 மீட்டர் உயரத்தில் மெதுவடையின் ஒன்றுவிட்ட தங்கையைச் சாப்பிட்டு உயிர் பிழைத்தேன்.

2023 ஜூன் 30

தீவின் மிக உயர்ந்த மலை இதுதானா என்று ஒருவர். இல்லை. அது பித்தோன் தெ நேழ், 3,071 மீட்டர். அதுவும் எரிமலைதான், பல்லாயிரம் வருடமாகத் தூக்கம். ஃபூர்னேஸ் அதன் தோளில் ஏறிய தம்பி. இரண்டு எரிமலையும் சேர்ந்து முளைத்ததுதான் மொத்தத் தீவும், 2,512 சதுர கிலோமீட்டர்.

(அத்தான் இதைப் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில்: "3,070.50." வாத்தியார்களோடு சம்பந்தம் வைத்துக்கொண்டால் இப்படித்தான்.)

"இந்தியாவுக்கும் அந்தத் தீவுக்கும் தொடர்பு உண்டாமே" என்று கேட்டவர் தமிழர்களை நினைத்துக் கேட்டிருப்பார். அதைப் பிறகு சொல்கிறேன். அதைவிடப் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பூமியின் ஆழத்தில் ஒரே இடத்தில் அடுப்பு எரிகிறது, மேலே நிலத்தட்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுமார் 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் அந்த அடுப்பின் மேல் இருந்தது நம் இந்தியா. அப்போது பொங்கியதுதான் தக்காணத்தின் கறுப்புப் பாறை. அஜந்தா, எல்லோரா எல்லாம் குடைந்த பாறை அதுதான். பிறகு இந்தியா வடக்கே போய்விட்டது. போன வழியெல்லாம் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தடம். மொரீஷியஸ் அடுப்பை விட்டு விலகிவிட்ட பாத்திரம், ஆறிவிட்டது. ரீயூனியன்தான் இப்போது அடுப்பில் இருக்கிறது.

2023 ஜூலை 2

வெடித்துவிட்டது.

இன்று காலை. நான் அந்த ஊரில் மூன்று வாரம் தவமிருந்தபோது புகைகூட விடவில்லை. ஊர் வந்து சேர்ந்த ஆறாம் நாள் பொங்குகிறது. அக்கா வீடியோ அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். போனை அணைத்துவிட்டேன்.

2023 ஜூலை 3

போனைத் திறந்தாயிற்று.

வெடித்தால் குழிவுக்குள் யாரையும் விடமாட்டார்கள், படிக்கட்டின் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதனால் அங்கே போகிறவர்களுக்கு என் யோசனை: எரிமலையை நம்பித் தேதி போடாதீர்கள். பூர்-முரா ஊரில் ஆய்வகம் இருக்கிறது. 1977 வெடிப்புக்குப் பிறகு அமைத்தது. அவர்களே கொஞ்ச நேரம் முன்னால்தான் எச்சரிக்கை கொடுக்க முடிகிறது, நாம் விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்னால் எடுக்கிறோம்.

பூட்டியிருந்தாலும் கிழக்குக் கரை ரோட்டில் போகலாம், அதுவே போதும். சேந்த்-ரோஸ் தாண்டி கிராந்த் ப்ரூலே. எரிமலைக் குழம்பு கடலுக்கு இறங்கும் சரிவு அது. ஒவ்வொரு ஓட்டத்தையும் ரோடு வெட்டிப் போகிற இடத்தில் வருடம் எழுதிய பலகை இருக்கும். பலகையைப் பார்க்காமலே வருடம் சொல்ல அத்தான் கற்றுக்கொடுத்தார். வெறும் கறுப்பு என்றால் புதுசு. கறுப்பின்மேல் வெள்ளிச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அது பாறைப்பாசி, கிட்டப் போனால் பவளம்போல் கிளை கிளையாக இருக்கும். பாறைப்பாசியைப் பிடித்துக்கொண்டு பெரணி வரும். பெரணிக்கு நடுவே கட்டையாக மரக்கன்று தெரிந்தால் சில பத்து வருடம் ஆயிற்று. பிறகு காடு. நாலைந்து கிலோமீட்டர் காரில் போவதற்குள் ஒரு காடு பிறந்து வளர்வதைப் பார்த்துவிடலாம்.

2007 ஓட்டம் தனி. ரோட்டை மூடி, கடலில் விழுந்து, கரையையே நீட்டிவிட்டது. சில இடத்தில் அதன் தடிமன் பல மாடிக் கட்டடம் அளவு. 2018-இல் நான் போன அன்று சாரல் அடித்தது. பாறை இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. பதினோரு வருடம் ஆகியும் உள்ளே சூடு ஆறவில்லை. அந்தப் பாறையில் கண்ணை வைத்துப் பார்த்தால் பச்சைப் பொட்டுகள் தெரியும், பாசிப்பயறை உடைத்துத் தூவின மாதிரி. ஆலிவின் என்ற கனிமம். எடுத்துப் பையில் போடத்தான் கை போகும். தேசியப் பூங்கா, ஒரு கல்லும் எடுக்கக் கூடாது. 2010-லிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது.

வழியில் பித்தோன் சேந்த்-ரோஸ் மாதா கோயில். 1977 ஏப்ரலில் எரிமலை வழக்கத்தை மீறிக் குழிவுக்கு வெளியே பிளந்துகொண்டு ஊருக்குள் வந்தது. வீடுகளைத் தின்றது. ஊரை முன்பே காலி செய்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. கோயில் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் போய்விட்டது. கொஞ்சம் மட்டும் வாசற்படி ஏறி எட்டிப் பார்த்து நின்றது. அந்த உறைந்த நாக்கு இப்போதும் வாசலில் இருக்கிறது. கோயிலுக்கே எரிமலைக் குழம்பின் மாதா என்று பெயராகிவிட்டது. உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா நெற்றியில் குங்குமம், கையில் ஜெபமாலை. அங்கே அது அதிசயமே இல்லை.

2023 ஜூலை 5

சரி, நம்மவர் கதை.

பிரெஞ்சுக்காரர்கள் அங்கே காப்பியும், பிறகு கரும்பும் போட்டார்கள். வேலைக்கு மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகள். 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது, சுமார் 62,000 பேர் விடுதலையானார்கள். அன்று இன்னும் விடுமுறை, ஊரெல்லாம் மலோயா பாட்டு. கரும்புப் பூத்தண்டில் செய்த தட்டையான பெட்டிக்குள் விதைகளைப் போட்டுக் குலுக்குவார்கள், கயாம்ப் என்று பெயர். மலோயாவை யுனெஸ்கோ 2009-இல் அங்கீகரித்தது.

விடுதலையானவர்களில் பலர் கரும்புக் காட்டுக்குத் திரும்ப மறுத்தார்கள். யார்தான் போவார்கள்? முதலாளிகள் நம் பக்கம் திரும்பினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல். 1860-இல் பிரிட்டனோடு உடன்படிக்கை போட்ட பிறகு ஆங்கிலேயர் பகுதியிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். நடத்திய விதம் பற்றிப் புகார் குவிந்து, 1882-இல் பிரிட்டன் நிறுத்தியது.

நான் படித்த பள்ளியிலிருந்து காரைக்கால் கடற்கரை பத்து நிமிடம். அங்கிருந்து இப்படிக் கப்பல் போனது என்று ஒரு பாடத்திலும் வரவில்லை. கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே, வந்து இறங்கியவர்களை நோய் பயத்தில் அடைத்துவைத்த கட்டடம் இருக்கிறது, இப்போது காட்சிக்கூடம். அதன் சுவரில் காரைக்கால் என்ற பெயரைப் பிரெஞ்சில் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தான் கார் ஹாரனை அடித்தார்.

2023 ஜூலை 6

திருத்தம். ஒப்பந்தத்தில் போன முதல் இந்தியர்களும் தமிழர்தான் என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டார். இல்லை. 1820-களின் கடைசியிலேயே ஏனாமிலிருந்து தெலுங்குக்காரர்கள் போனார்கள். பிறகு வந்த பெருங்கூட்டம்தான் தமிழ். எல்லோரையும் சேர்த்து 'மல்பார்' என்றுதான் ஊர் கூப்பிடுகிறது. மலபாருக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாங்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், அது வசவு இல்லை.

பெயர்கள்: முன்னால் ழான், ழாக், மரி. பின்னால் ராமசாமி, முத்துசாமி. குமாஸ்தா அன்றைக்குக் காதில் விழுந்ததை எழுதிய அப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. தபால்பெட்டிகளைப் படித்துக்கொண்டே தெருவில் நடந்தால் நேரம் போவது தெரியாது.

2023 ஜூலை 9

ஜூன் 28-ஆம் தேதி "தமிழை மறந்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசனை.

2018 ஜனவரி முதல் வாரம், சேந்தாந்த்ரே பக்கத்தில் கரும்புக் காட்டுக்கு நடுவே ஒரு கோயில். தீமிதி. பதினெட்டு நாள் விரதம், மஞ்சள் துணி, பாரதக் கதை, குண்டம், குண்டத்தின் முடிவில் பால் குழி. என் ஆத்தா ஊரில், காரைக்காலுக்கு மேற்கே, திரௌபதி அம்மனுக்கு நடப்பதுதான். சின்ன வயதில் பார்த்த அதே வாசனை. மத்தியானம் பூசாரி ஒருவர், எழுபது வயதிருக்கும், நோட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். நோட்டில் எழுத்து ரோமன். 'பாந்தியாலே' என்கிறார். நான் அத்தானை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டு, அது பாஞ்சாலி ஐயா, 'பாஞ்சாலி' என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு தடவை. அவர் தலையாட்டினார், சிரித்தார். எனக்கு ஏதோ தொண்டு செய்த திருப்தி.

சாயங்காலம் குண்டத்துக்கு முன்னால் அவர் குரலெடுத்தார். 'பாந்தியாலே.' கரும்புக் காடு வரை நின்ற கூட்டம் முழுக்க அதையே திருப்பிச் சொன்னது. எனக்கு முன்னால் இருந்த பையன், பதினைந்து வயது, பற்களைக் கடித்துக்கொண்டு நெருப்பில் இறங்கினான். திருத்தியவன் நான் ஷூவைக்கூடக் கழற்றாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

இந்தத் தடவை தேடிப் போய் அவரைப் பார்த்தேன். கோயில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். ஞாபகம் வைத்திருந்தார், அதுதான் கஷ்டம். நோட்டைக் கேட்டேன். அவருடைய தாத்தா வாயால் சொல்லச் சொல்ல அப்பா எழுதியது. தமிழெழுத்து தெரியாது, பள்ளியில் கற்ற எழுத்தில் காது கேட்டதை எழுதிவைத்திருக்கிறார். 'படியுங்கள்' என்று என் கையில் கொடுத்தார். மதுரைவீரன் 'மர்தேவிரின்' ஆகியிருந்தார். அடுத்த வரியில் மாரியம்மன் தெரிந்தாள், 'மாரியம்மன்' என்றே படித்தேன். அவர் விரலை வைத்து நிறுத்தினார். இல்லை, 'மார்லியெமேன்'. மறுபடி படித்தேன். மறுபடி நிறுத்தினார். மூன்றாவது தடவை அவர் சொன்ன மாதிரியே சொன்னதும்தான் விரலை எடுத்தார். அத்தான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

2023 ஜூலை 10

"உச்சரிப்பு தப்பு தப்புதானே, இதில் உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது" என்று ஒருவர். நாம் பஸ், டீ என்று சொல்வதை லண்டன்காரன் கேட்டுத் திருத்தினால் கேட்டுக்கொள்வீர்களா?

2023 ஜூலை 14

சந்தை. வெள்ளிக்கிழமை சேன்-போல், கடலோரம். மறந்துவிட்டார்கள் என்று சொன்னவனை அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

கீரை விற்கிற அம்மாவிடம் 'முருங்' கேட்டால் முருங்கைக்கீரை கட்டு வரும். 'பிப்பங்காய்' என்றால் பீர்க்கங்காய். 'கலுப்பிலே' என்றால் கறிவேப்பிலை. 'கொத்தொமிலி' சொல்லவே வேண்டாம். 'மசாலே' போட்ட ஆட்டுக்கறி கல்யாணத்துக்கெல்லாம் உண்டு. இதையெல்லாம் மல்பார்கள் மட்டுமா சொல்கிறார்கள்? ஆப்பிரிக்க வம்சம், சீன வம்சம், வெள்ளைக்காரக் குடியானவன், எல்லோரும்தான். அவர்களுக்கு அது கிரியோல். 'ரூகாய்' என்று தக்காளி, மிளகாய், வெங்காயம் நசுக்கிய துவையல் ஒன்று சாப்பாட்டில் எப்போதும் உண்டு. நம் ஊறுகாய்தான் அது என்று சொல்வார்கள், நானும் அந்தக் கட்சி.

சௌசௌ மட்டும் குழப்பிவிட்டது. அங்கேயும் அதற்குப் பெயர் 'ஷுஷு'. இதையும் நம்மிடமிருந்துதான் கொண்டுபோனார்கள் என்று அக்காவிடம் அளந்தேன். காயே மெக்சிகோப் பக்கத்துக் காய் என்று அக்கா பெண் ஒரு நிமிடத்தில் போனில் காட்டினாள். பதினாலு வயது. வாத்தியார் மகள்.

2023 ஜூலை 16

சௌசௌ பார்க்க வேண்டுமென்றால் சலாஸி போக வேண்டும். மலைச்சரிவெல்லாம் பந்தல், மின்கம்பியெல்லாம் கொடி. சலாஸி, சிலாவோஸ், மஃபாத் மூன்றும் பித்தோன் தெ நேழைச் சுற்றி மூன்று பெரிய கிண்ணங்கள். கிழட்டு எரிமலை சரிந்து, மழை அரித்து உண்டான பள்ளங்கள். அந்த மழையும் லேசுப்பட்டதல்ல. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலை மேல் கொம்மெர்சோன் வாயருகே மூன்று நாளில் 3,929 மி.மீ., உலக சாதனை. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 1,400.

மழையால் நானும் மாட்டினேன். 2018-இல் சிலாவோஸ் போக எல்லா ஏற்பாடும் செய்த பிறகு பெர்கிட்டா புயல். நானூறு வளைவு என்று பெயர் வாங்கிய அந்த ஒரே ரோடு போய்விட்டது. அக்கா வீட்டு வரவேற்பறையில் சீட்டு விளையாடினோம். அதனால் சிலாவோஸ் பருப்பு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் வந்ததுதான். சின்ன மைசூர்ப் பருப்பு மாதிரி, தோலோடு பழுப்பு, குழையாது. விலை கேட்டால் நாம்தான் குழைந்துவிடுவோம்.

மஃபாத்துக்கு இன்றும் ரோடு கிடையாது. எழுநூறு எண்ணூறு பேர் இருக்கிறார்கள், நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். ஓடிப்போன அடிமைகள் ஒளிந்த இடம் இது. இடப்பெயர்களில் பல மடகாஸ்கர் மொழி. பிடிக்கிறவன் ஏற முடியாத இடமாகப் பார்த்துத்தான் ஏறியிருக்கிறார்கள், முட்டிக்குத் தெரியும். அங்கே இருக்கும் லா நூவெல் என்ற ஊர் வரை இரண்டு மணி நேரம் நடந்து, ஒரு இரவு தங்கினேன். இவ்ரின் போஸே என்ற தபால்காரர் 1951-லிருந்து நாற்பது வருடம் இந்தக் கிண்ணம் முழுக்க நடந்தே கடிதம் கொடுத்தார். காலையில் ஹெலிகாப்டர் வலையில் தொங்கவிட்டு காஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் இறக்கியது. ஓட்டல்காரர் வெளியே வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு சிலிண்டர் குறைகிறது என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

2023 ஜூலை 17

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: "எத்தனை நாள் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?"

பத்து. எட்டுக்குக் குறைந்தால் மஃபாத்தை விடுங்கள். மொரீஷியஸிலிருந்து விமானம் முக்கால் மணி நேரம்தான், பக்கம்தானே என்று ஒரு நாள் போய்வருகிற யோசனை வேண்டாம். மே முதல் நவம்பர் வரை காய்ந்த காலம். கார் இல்லாமல் முடியாது. காலையில் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள், மத்தியானம் மலை மேகத்துக்குள் போய்விடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இது தழும்பு சொல்கிற கணக்கு.

2023 ஆகஸ்ட் 11

எரிமலை நேற்று அடங்கிவிட்டதாம், ஐந்து வாரத்துக்கு மேல் எரிந்துவிட்டு. அக்காவின் வீடியோ தொல்லையும் அடங்கியது.

ஷூ பற்றிக் கேட்டவருக்கு: அடி தடிமனாக இருக்கட்டும், பழையதாக இருக்கட்டும், திரும்பி வரும்போது அது இருக்காது. என்னுடையதை இன்று பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தைக்கிறவரிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தவர், "அரத்து மேலயா சார் நடந்தீங்க?" என்றார். ஊசியை விட்டு அடியில் நெம்பினார். கறுப்பாக ஒரு சில்லு தெறித்து விழுந்தது, சுண்டைக்காய் அளவு. பூங்காவிலிருந்து ஒரு கல்லும் எடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அவர் அதை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சையா ஏதோ மின்னுதே சார். என்ன கல்லு?"

ஐம்பது ரூபாய் கொடுத்தேன். கல்லை அவரே வைத்துக்கொண்டார்.